எந்தத் திருப்பத்தூர்?

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாகிவிட்டது. விடிந்தும் விடியாத பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா பூஜைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு "யோக பைரவர் கோயிலுக்கு எப்படிப்பா போறது?" என்று கேட்கிறார். வீடியோ எடுக்கிறவன் சிரிக்கிறான். ஐயா பக்கத்தில் நின்று டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பார்த்து என்ன ஆகப்போகிறது? டிக்கெட்டில் திருப்பத்தூர் என்றுதான் இருக்கிறது. அவர் நிற்பதும் திருப்பத்தூரில்தான், வடக்கே ஜோலார்பேட்டை பக்கத்துத் திருப்பத்தூரில். பைரவர் மட்டும் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில், திருத்தளிநாதர் கோயிலில் இருக்கிறார். எங்கள் ஊரில்.

இதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகளைப் படித்துத்தான் ராத்திரி தூக்கம் போனது. "கூகுள் மேப் பார்க்கத் தெரியாதா பாட்டி", "வீட்ல படிச்சவங்க யாருமே இல்லையா", கூடவே விழுந்து புரண்டு சிரிக்கும் பொம்மைகள். நம் நட்புப் பட்டியலிலேயே சிலர். நல்லா இருங்க.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் பக்கத்தில் மாவட்டத்தைப் போடுங்கள். பஸ் போர்டில் போடுங்கள், டிக்கெட்டில் போடுங்கள், புக்கிங் ஆப்பில் போடுங்கள். போடாதவன் மேல் தப்பு. பஸ்ஸேறிப் போய் இறங்கியவர் மேல் இல்லை.

ஒன்றிரண்டு இடமா இருக்கிறது? திருச்சியிலிருந்து சென்னை போகும் வழியில் சிறுகனூர் பக்கம் பிரிந்தால் திருப்பட்டூர், பிரம்மபுரீஸ்வரர் கோயில். தமிழில் எழுதினால் பிழைத்தோம். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று ஊரும் ஒன்றுதான். ஆப்பெல்லாம் ஆங்கிலத்தில்தானே கேட்கிறது. ரயில்வே தன் பங்குக்கு வடக்கே இருக்கும் திருப்பத்தூருக்கு டிபிடி என்று ஸ்டேஷன் கோடு வைத்திருக்கிறது, திருப்பதிக்கு டிபிடிஒய். எங்கள் ஊருக்கு ரயிலே இல்லை, அதனால் அந்தக் குழப்பத்தில் எங்களுக்கு இடம்கூடக் கிடைக்கவில்லை. சட்டமன்றத் தொகுதியிலும் இரண்டு திருப்பத்தூர்: அவர்களுடையது 50, எங்களுடையது 185. தேர்தல் கமிஷனுக்காவது நம்பர் போட்டுப் பிரிக்கத் தோன்றியிருக்கிறது.

குரு பெயர்ச்சிக்கு ஆலங்குடி கிளம்புகிறவர்கள் எல்லோரும் கும்பகோணம் பக்கம்தான் போய்ச் சேருகிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டலூருக்கும் வடலூருக்கும், பெரம்பூருக்கும் பெரம்பலூருக்கும், திருவள்ளூருக்கும் திருவாரூருக்கும் எழுத்தாவது மாறுகிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

"போன்ல பார்த்துக்கலாமே" என்பவர்களுக்கு: 2017இல் நெதர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கிளம்பிய ஒரு பையன், கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் இன்னொரு சிட்னியில் போய் இறங்கினான். வயது 18. கையில் போன் இல்லாமலா போயிருப்பான்? அவனை உலகமே "ஐயோ பாவம்" என்றது. நம் பாட்டி என்றால் மட்டும் மீம்.

"கண்டக்டர் என்ன செய்வார், பாவம்" என்று ஒரு நண்பர். சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் பார்த்தவரை பல கண்டக்டர்கள் "சிவகங்கை திருப்பத்தூரா, வாணியம்பாடி திருப்பத்தூரா" என்று கேட்டுத்தான் ஏற்றுவார்கள். மனிதர்கள் கேட்கிறார்கள், ஆப் கேட்பதில்லை.

"இதுக்கெல்லாம் அரசாங்கமா வரணும்?" ஏன் வரக்கூடாது? 2020 ஜூனில் 1,018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதவேண்டும் என்று அரசாணையே வெளியிட்டார்கள். கோயம்புத்தூருக்கு எத்தனை எழுத்து என்று ஊரே எண்ணிச் சிரித்தது, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு மெனக்கெட முடிகிறது. பெயருக்குப் பக்கத்தில் மாவட்டம் போட முடியாதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபோது அவருடைய பெங்களூர் நண்பருக்கு வாட்ஸப்பில் செய்தி போனது. சொந்த ஊரான திருப்பத்தூரில் மாலை 4 மணிக்கு என்று. பெங்களூர்க்காரருக்குத் திருப்பத்தூர் என்றால் ஜோலார்பேட்டை பக்கம்தானே. அங்கே போய் இறங்கி, தெருப் பெயரைச் சொல்லி ஒவ்வொரு கடையாகக் கேட்டிருக்கிறார். விஷயம் புரிந்து, பஸ் மாறி மாறி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது ராத்திரி. அப்பாவை எடுத்து, வீடு கழுவி, எல்லோரும் குளித்து முடித்திருந்தோம். ரோஜா மாலையை வாழை இலையில் சுற்றி மஞ்சப் பையில் வைத்திருந்தார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், வெறும் நாற்காலியைப் பார்த்து "அண்ணாச்சி, தப்பான ஊருக்குப் போயிட்டேன்" என்றார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்?

"உங்க மெசேஜிலயே மாவட்டம் போட்டிருக்கலாமே" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள், தெரியும். இழவு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன் தன் ஊருக்கு எதற்கய்யா மாவட்டம் போடுவான்? அவனுக்கு ஊர் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். முன்பெல்லாம் வடக்கே இருக்கும் அந்த ஊரை "வேலூர் மாவட்டம் திருப்பத்தூர்" என்றாவது சொன்னார்கள். 2019 நவம்பரில் அது தனி மாவட்டமானது. அன்றிலிருந்து திருப்பத்தூர் என்றாலே அவர்கள்தான். தேடினால் ஏலகிரி வருகிறது, ஜவ்வாது மலை வருகிறது. வரட்டும், நல்ல இடங்கள்தான். ஆனால் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது எங்கள் ஊர்க் கோட்டையில். போன வருஷம் ஒருவர் அவர்களுக்கு அஞ்சலி எழுதி, லொகேஷனில் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரைப் போட்டிருந்தார். திருத்தச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்று பதில் வந்தது. இல்லை சார். ஒன்று இல்லை.

அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். "அப்போ உங்க ஊர் பேரை மாத்திக்கோங்க." நாங்கள் ஏன் மாற்றவேண்டும்? மாற்றுவதென்றால் அவர்கள் மாற்றட்டும், மாவட்டத் தலைநகர், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் அங்கேதானே இருக்கிறது, ஃபைலை நகர்த்துவது சுலபம். இதைப் படித்து வாணியம்பாடிப் பக்கத்து நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். வாருங்கள். காரைக்குடியில் இறங்கி பஸ் மாறவேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.