ஒரு வாரத்தில் வெளுத்தால் பயப்படுங்கள்

போன மாதம் அரூரில் ஒரு கல்யாண வரவேற்பு. முடிந்து வீட்டுக்கு வந்ததும் மேக்கப்பைக் கழுவிவிட்டு வந்து நின்றாள் என் சித்தி மகள். அது அவள் முகம்தானா என்று இருந்தது எனக்கு. கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே ஓடுகிற நூல் நூலான ரத்த நரம்புகள் வெளியே தெரிந்தன. தாடையோரம் பூனை முடி கருத்து வளர்ந்திருந்தது. ஃபேன் காற்று பட்டாலே எரிகிறது என்றாள்.

"என்ன பூசுற?" என்று கேட்டேன்.

"பார்லர்ல குடுத்த மிக்ஸிங் க்ரீம்க்கா. பத்தே நாள்ல பளிச்சுனு ஆயிடுச்சு. இப்ப ஒரு நாள் போடலைன்னாலும் எரியுது."

பத்து நாள் என்றதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மொட்டையாக இருந்தது. செய்தவர் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, உற்பத்தி உரிம எண் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டாயிரம் ரூபாயாம்.

இதைப் பற்றிப் பேச நீ யார் என்று கேட்பீர்கள். நான் தோல் டாக்டர் இல்லை. தருமபுரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஓசூரில் ஒரு க்ரீம் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். பல பிராண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் செய்து கொடுக்கிற இடம் அது. காலையில் ஒரு பெயர், மதியம் இன்னொரு பெயர், பாத்திரம் மட்டும் அதேதான். அதனால் டப்பாவுக்குள் என்ன போகும், அது தோலில் என்ன செய்யும் என்று ஓரளவுக்குத் தெரியும்.

க்ரீம் செய்வது மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய கலனில் தண்ணீரும் கிளிசரினும், இன்னொன்றில் எண்ணெயும் மெழுகும். இரண்டையும் 75 டிகிரி வாக்கில் சூடாக்கி, ஒன்றில் ஒன்றை ஊற்றி, வேகமாகச் சுற்றுகிற ஹோமோஜினைசரால் கடைவோம். மோரைக் கடைந்தால் வெண்ணெய் பிரிந்து வரும் அல்லவா, இங்கே நடப்பது அதற்குத் தலைகீழ். பிரிந்து நிற்கிற எண்ணெயைப் பொடிப்பொடித் துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் நிறுத்தி வைக்க வேண்டும். சும்மா விட்டால் அரை மணியில் மறுபடி பிரிந்துவிடும். பிரியாமல் பிடித்துக்கொள்ள எமல்சிஃபையர் என்று ஒன்று சேர்ப்போம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த மாதிரி ஆசாமி அது. அதன் ஒரு முனை தண்ணீரில் ஒட்டும், மறு முனை எண்ணெயில் ஒட்டும். கலவை ஆறி 40 டிகிரிக்கு வந்த பிறகுதான் வாசனை சேர்ப்போம், முன்னாடியே போட்டால் ஆவியாகப் போய்விடும்.

கடைந்து முடித்ததும் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். வெள்ளைச் சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. பொடித் துளிகள் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிப்பதால் வருகிற நிறம் அது, பாலும் அதனால்தான் வெள்ளை. க்ரீம் வெள்ளையாக இருப்பதற்கும் முகம் வெளுப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் விற்கிறவர்களுக்கு இந்த வெள்ளை ரொம்ப உதவுகிறது.

சாதாரண க்ரீமில் பத்தில் ஆறேழு பங்கு வெறும் தண்ணீர். நாங்கள் ஒரே அடிக்கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ரோஜா வாசனையும் இன்னொன்றில் சந்தன வாசனையும் போட்டு அனுப்பிய நாட்கள் உண்டு. கடையில் ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. கற்றாழைச் சாறு, குங்குமப்பூ என்று முன்பக்கம் பெரிதாக எழுதியதெல்லாம் பல நேரம் நூறு கிலோவுக்கு நூறு கிராம்தான் போகும். எழுதியது பொய் இல்லை, போட்டிருந்தோமே.

இதைக் கண்டுபிடிக்க டப்பாவின் பின்பக்கம் போதும். உள்ளே உள்ள பொருட்களை அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. 1 சதவீதமும் அதற்குக் கீழேயும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். அதன் உச்ச அளவே 1 சதவீதம்தான். அதற்குப் பின்னால் உங்கள் குங்குமப்பூ வந்தால், எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனிகள் ஓடுகிற சீசனில் அந்த வழியாகப் போயிருக்கிறீர்களா? பெங்களூரா மாங்கொட்டை மலை மாதிரி குவிந்து கிடக்கும். ஈ மொய்க்கும், புளித்த நாற்றத்தில் பஸ் ஜன்னலை மூடிக்கொள்வோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டோரில் ஒரு டப்பாவில் 'மேங்கோ சீட் பட்டர்' என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் வெண்ணெய் மாதிரி இளமஞ்சளாக, விரலில் எடுத்தால் உடம்புச் சூட்டுக்கே உருகியது. மாங்கொட்டைக்குள் இருக்கிற பருப்பிலிருந்து எடுத்த கொழுப்பு அது. கோகோ பட்டருக்குப் பதிலாகப் போடலாம், வறண்ட தோலுக்கு நல்லது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போன சாமான் இவ்வளவு விலைக்கு விற்கிறதா என்று அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சிரித்தோம்.

விளக்கெண்ணெயும் அப்படித்தான். எங்கள் ஊரில் கடலைக்காட்டு ஓரத்தில் வேலி மாதிரி ஆமணக்கு நிற்கும். பாட்டி கையில் பிடித்து வாயில் ஊற்றிய அந்தக் கொழகொழப்பு எண்ணெய்தான் உலகம் முழுக்க லிப்ஸ்டிக்குக்குள் இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். மற்ற எண்ணெய்களைவிடக் கெட்டியாக இருப்பதால் சாயப்பொடியை அடியில் படியவிடாமல் பிடித்துக்கொள்ளும், உதட்டில் மினுமினுப்பும் கொடுக்கும்.

சரி, பூசிய க்ரீம் எங்கே போகிறது? பெரும்பாலும் எங்கும் போவதில்லை. தோலின் மேலடுக்கு முழுக்கச் செத்த செல்கள்தான். செங்கல் அடுக்கி இடையில் கலவை பூசின சுவர் மாதிரி, செத்த செல்லும் இடையில் கொழுப்பும். தாளைவிட மெல்லிய சுவர், ஆனால் காவல் பலம். 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்கிற அலகு) மேல் எடை உள்ள மூலக்கூறு இதைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம் என்று 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கொலாஜனின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். கொலாஜன் க்ரீம் பூசினால் அது மேலேயே படுத்துக்கொண்டு கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். தோலுக்குள் போய்ச் சுருக்கத்தை நிமிர்த்தும் என்பது வாட்ச்மேனைத் தாண்டி லாரி உள்ளே போன கதை.

அதற்காக க்ரீம் வேஸ்ட் என்று சொல்லவில்லை. ஈரம் காப்பது பெரிய வேலை. மார்கழியில் ஓசூர் குளிருக்குக் காலில் கோடு கோடாக வெள்ளை பூக்குமே, அதற்கு கிளிசரின் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், பெட்ரோலியம் ஜெல்லி மேலே மூடி போடும். தோலிலிருந்து ஆவியாகிற தண்ணீரைத் தடுப்பதில் இந்த மலிவான ஜெல்லியை மிஞ்ச ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கும் முடியவில்லை. குளித்துவிட்டுத் தோல் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும், காய்ந்த பிறகு மூடி போட்டால் உள்ளே என்ன இருக்கும்? ஒகேனக்கலில் மசாஜ் செய்கிறவர்கள் எண்ணெயைத் தேய்த்துவிட்டு அருவியில் நிற்கச் சொல்வார்கள். ஊறின தோலில் மிச்சம் ஒட்டியிருக்கிற எண்ணெய் அந்த ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். எண்ணெய் நரம்புக்குள் இறங்குகிறது என்று அவர்கள் சொல்வதை மட்டும் நான் நம்பவில்லை.

எங்கள் பக்கத்து முகத்துக்கு க்ரீமைவிட முக்கியம் தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளையாகப் படியும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. வாளியில் படிவதுதான் கன்னத்திலும் படிகிறது. போதாததற்கு, சோப்பின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டுகிற எண், 9, 10 என்று இருக்கும், தோலுக்கு 5 வாக்கில்தான் பிடிக்கும். குளித்ததும் முகம் இழுப்பது அதனால்தான், சுத்தமானதால் இல்லை. முகத்துக்குச் சோப்பை நிறுத்திவிட்டு மிதமான ஃபேஸ்வாஷ் போட்டாலே பாதிப் பேருக்கு க்ரீம் தேவைப்படாது. கம்பெனியில் இதைச் சொன்னால் வேலை போயிருக்கும்.

'கெமிக்கல் இல்லாதது' என்று பார்லரில் அரைத்துக் கொடுக்கிற கற்றாழை ஜெல்லையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இருக்கிற எதிலும் கிருமி வளரும். கெட்டுப்போகாமல் காக்கிற பிரிசர்வேட்டிவ் போடாத ஜெல் மூன்றாம் நாள் கிருமிப் பண்ணை. எலுமிச்சையும் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும்.

இப்போது அந்த வெள்ளை டப்பாவுக்கு வருகிறேன். தோல் கீழிருந்து புதிதாகி மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நிறத்தைக் குறைப்பதாக உருப்படியான சோதனைகளில் தேறிய பொருட்களில் ஒன்று நியாசினமைடு, வைட்டமின் பி3. நிறமி, அதைத் தயாரிக்கிற செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குக் கைமாறுவதை இது கொஞ்சம் தடுக்கும். அதுவும் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் விடாமல் பூசினால்தான் தெரியும், அப்போதும் திட்டுகள் மங்குமே தவிர ஆளே மாறிவிட மாட்டார். நேர்மையான க்ரீம் இந்த வேகத்தில்தான் ஓடும். பத்து நாளில் பளிச்சென்று ஆனால் உள்ளே இருப்பது அழகு சாதனப் பொருளாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

ஒன்று ஸ்டீராய்டு. அது தோலின் ரத்தக் குழாயைச் சுருக்கும், ரத்தம் குறைந்ததும் இடம் வெளிறும். ஒரு ஸ்டீராய்டு க்ரீமுக்கு எவ்வளவு வீரியம் என்று அளக்கிற பழைய சோதனையே, கையில் தடவி எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பதுதான். விடாமல் பூசினால் தோல் மெலியும், நரம்பு தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினால் பொங்கும். என் தங்கச்சி முகத்தில் பார்த்ததெல்லாம் வரிசையாக இதுதான். அரிப்புக்கு, படைக்கு டாக்டர் கொஞ்ச நாளைக்குக் கொடுக்கிற நல்ல மருந்து அது. 2018லேயே இந்த க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. அதை வாங்கி, வாசனை க்ரீமில் குழப்பி, ரோஜாப்பூ ஒட்டினால் மிக்ஸிங் க்ரீம்.

இன்னொன்று பாதரசம். நிறமி உண்டாக்குகிற டைரோசினேஸ் என்சைமை முடக்கும், அதனால் வெளுக்கும். ஆனால் கொலாஜன் மாதிரி வாசலில் நிற்காது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொள்ளும். 2023ல் கேரளத்தில் மலப்புரத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகி, கால் வீங்கி வந்தவர்களை விசாரித்த டாக்டர்கள், அவர்களில் பலரும் வெளுக்கிற க்ரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். க்ரீமில் பாதரசம் இருந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனைக்குப் போனது. நம் நாட்டின் 2020 அழகு சாதன விதிகளின்படி பாதரசம் சேர்த்து க்ரீம் செய்யவே கூடாது. தெரியாமல் கலந்திருந்தாலும் முக க்ரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

நம்மூர்ப் பெண்கள் ஏன் இதைத் தேடிப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி" என்று காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். 2020ல் ஒரு பெரிய கம்பெனி தன் க்ரீம் பெயரிலிருந்த ஃபேரை எடுத்துவிட்டு க்ளோ என்று வைத்தது. காபி குடிக்க வருகிறவர்கள் இன்னும் பெயர் மாற்றவில்லை.

வெயிலில் கருப்பதைத் தடுக்க வேண்டுமானால் சன்ஸ்கிரீன். டப்பாவில் போட்டிருக்கிற வெயில் காப்பு எண், எஸ்பிஎஃப், 30 என்றால் தோலைச் சுடுகிற கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. நடுவில் உள்ள வித்தியாசத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் பிழிய வேண்டும். கடுகளவு தொட்டு வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்றால் அது சன்ஸ்கிரீன் குற்றமா? வயலில் நிற்கிறவர்களுக்குத் தலையில் போட்ட துண்டும், இழுத்துவிட்ட முந்தானையும் இதைவிட நம்பகமானவை.

தங்கச்சியை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஸ்டீராய்டுதான் என்றார். நிறுத்தும்போது எரிச்சல் பொங்கும், பயந்துபோய் மறுபடி அதையே பூசிவிடக் கூடாது, தன் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்றார். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று, சன்ஸ்கிரீன் ஒன்று, மாத்திரை கொஞ்சம். ரத்த நரம்புகள் முழுக்க மறையுமா என்று கேட்டதற்கு, மாதக்கணக்கில் ஆகும், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் இல்லை, அந்த மட்டுக்கும் தப்பித்தோம்.

பார்லர் பெயர் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். உங்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நேரம் கிடைக்கும்போது படித்துச் சொல்கிறேன்.

தங்கச்சி நேற்று போன் செய்தாள். எரிச்சல் குறைந்திருக்கிறதாம். அந்த டப்பாவை என்ன பண்ணினாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பீரோலதான்க்கா இருக்கு. ரெண்டாயிரம் ரூபாய்ல..." என்று இழுத்தாள்.