சுற்றுப்பாதையில் ஏற்றம் எங்கே இருக்கிறது?

இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டு தவறாமல் ஓர் உரையாடல் நடக்கும். "சனிக்கிழமை எங்காவது ஹைக்கிங் போகலாமா?" என்று ஒருவர் கேட்பார். "எத்தனை மைல்?" என்று நான்கு பேர் பதிலுக்குக் கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. நியூ ஜெர்சியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்து, சுற்றுவட்டாரத்து மாநிலப் பூங்காக்களில் ஒருநாள் நடை நடந்தே பல வார இறுதிகளைக் கழித்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய இடத்துக்கே நம்மைக் கொண்டுவந்து விடும் சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது மைல் கணக்கைக் கடைசியாகப் பார்த்தால் போதும். அந்த வட்டத்தின் எந்தப் பகுதியில் ஏற்றம் இருக்கிறது, எந்த இடத்தைத் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்புவதில் லாபமில்லை என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பென்சில்வேனியாவில், நியூ ஜெர்சியின் எடிசன் நகரப் பக்கத்திலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத் தொலைவில், ரிக்கெட்ஸ் கிளென் என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே கிச்சன் கிரீக் என்ற ஓடையின் இரண்டு கிளைகள் கனோகா, லீ என்ற இரண்டு குறுகிய பள்ளத்தாக்குகள் வழியாக அருவி அருவியாக இறங்கி வந்து, வாட்டர்ஸ் மீட் என்ற இடத்தில் ஒன்று சேர்கின்றன. ஓடையின் பெயரைத் தமிழில் சொன்னபோது, "சமையற்கட்டு ஓடையா?" என்று அம்மா சிரித்தது தனிக் கதை. பெயர் சூட்டப்பட்ட அருவிகள் மட்டும் 22. அவற்றில் உயரமானது 94 அடி உயரமுள்ள கனோகா அருவி. ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி மற்றொன்றில் ஏறி, மேலே ஹைலண்ட் டிரெயில் என்ற பாதையால் இரண்டையும் இணைத்தால் 3.2 மைல் சுற்று கிடைக்கும். வாட்டர்ஸ் மீட்டுக்குக் கீழே நெடுஞ்சாலை வரை செல்லும் பகுதியையும் சேர்த்தால் மொத்தம் 7.2 மைல்.

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஐந்து குடும்பங்களாகக் கிளம்பினோம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த நேரம் அது. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் கிரிவலம் போய் வந்தவர் என்பதால் அவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கிரிவலம் 14 கிலோமீட்டர், இதன் முழுச் சுற்றே 11.6 கிலோமீட்டர்தான், நாமோ சின்னச் சுற்றுதான் போகிறோம், அம்மா நமக்கு முன்னால் நடந்துவிடுவார் என்று கணக்குப் போட்டவனும் நான்தான். கிரிவலப் பாதை ஏறக்குறைய சமதளமான தார்ச்சாலை என்பதும், களைத்தால் உட்காரவும் தேநீர் குடிக்கவும் வழிநெடுக இடம் உண்டு என்பதும் அந்தக் கணக்கில் வரவில்லை. புளியோதரையைக் கட்டிக்கொண்டு, வழியில் இரண்டு முறை நிறுத்தி, லேக் ரோஸ் வாகன நிறுத்துமிடத்தில் இடம் பிடித்து நடக்கத் தொடங்கியபோது மணி ஒன்று நாற்பது.

எந்தப் பக்கம் முதலில் போவது என்ற கேள்வி எழுந்தபோது, "சாமியைச் சுத்தற மாதிரி வலமாத்தான் போகணும்" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். மறுக்க யாரிடமும் காரணம் இருக்கவில்லை. வரைபடத்தை ஒருவரும் விரித்துப் பார்க்காததால் காரணம் இருக்கவும் வழியில்லை. வலமாகப் போவதென்றால், மேலே ஹைலண்ட் டிரெயிலில் பெரும்பாறைகளுக்கு நடுவிலுள்ள குறுகலான வெடிப்பைக் கடந்து, லீ பள்ளத்தாக்கில் இறங்கி, கனோகா வழியாக ஏற வேண்டும். இரண்டில் செங்குத்தாக என் கால்களுக்குத் தோன்றுவது லீ பள்ளத்தாக்குதான். முந்தைய நாள் மழை பெய்திருந்தது. கற்படிகளின் மேல் மஞ்சள் இலைகள் ஈரத்தோடு ஒட்டிக்கிடந்தன; இலைக்கு அடியில் பாசி, பாசிக்கு அடியில் சாய்வான கல். கால் வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் அம்மா முதலில் செருப்பின் நுனியால் இலையை ஒதுக்கி, கல்லைப் பார்த்து, பக்கத்துப் பாறையில் உள்ளங்கையை அழுத்தி, பிறகுதான் எடையை இறக்கினார். ஆம், செருப்புதான். ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன், அது காரின் டிக்கியில் பெட்டியோடு இருந்தது. நூறு நூறு படிகளாக அப்படி இறங்கினால் முழங்கால் என்னவாகும் என்பதை இறங்கி முடித்த பிறகுதான் உணர்ந்தோம்.

மலை ஏறுபவருக்கும் பள்ளத்தாக்கில் இறங்குபவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நமக்குப் பழகிய மலைகளில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். மூச்சு வாங்கினால் ஏறும்போதே உடம்பு சொல்லிவிடும். அங்கேயே திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். பள்ளத்தாக்குச் சுற்றுப்பாதையில் எல்லாம் தலைகீழ். முதல் பாதி நம்மை ஏமாற்றும் அளவுக்கு எளிதாக, பேசிக்கொண்டும் படமெடுத்துக்கொண்டும் கழிந்துவிடும். கால் சோர்ந்து, தண்ணீர் குறைந்து, வெளிச்சமும் மங்கும் நேரத்தில்தான் ஏற்றம் தொடங்கும். அதன் நடுப்புள்ளி பள்ளத்தின் அடி என்பதால், எந்தப் பக்கம் போனாலும் மேலே ஏறித்தான் தீர வேண்டும். ஓரிகன் மாநிலத்தின் சில்வர் ஃபால்ஸ் பூங்காவிலும் இதே 7.2 மைல் அளவில் பத்து அருவிகளைக் காட்டும் சுற்றுப்பாதை ஒன்று இருக்கிறது. 177 அடி உயரமுள்ள தெற்கு அருவி உள்ளிட்ட நான்கு அருவிகளுக்குப் பின்புறமாகவே அதில் நடந்து போகலாம். அதையும் நடந்திருக்கிறேன். அதுவும் முதலில் இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றுகிற பாதைதான், ஆனால் அதன் சாய்வுகள் மிகவும் மென்மையானவை. மைல் எண் இரண்டுக்கும் ஒன்றே, உடம்பு கொடுக்கும் விலை ஒன்றல்ல.

அன்றைய இரண்டாவது தவறு வாட்டர்ஸ் மீட்டில் நடந்தது. முன்னால் ஓடிய பிள்ளைகளும் அவர்களோடு போன இருவரும், அருவிச் சத்தத்தைத் தொடர்ந்தாலே போதும் என்று நினைத்து, கனோகா பக்கம் திரும்பாமல் ஓடையோடு கீழே போய்விட்டார்கள். 7.2 மைல் பாதையைச் சுற்று என்று எல்லோரும் சொன்னாலும், உண்மையில் அது பனையோலை விசிறியைப் போன்றது: மேலே வட்டம், கீழே நீண்ட பிடி. பிடியில் இறங்கியவர்கள் அதே பிடி வழியாகத்தான் திரும்பி ஏற வேண்டும். வாட்டர்ஸ் மீட்டுக்குக் கீழே அடுத்தடுத்து மூன்று அருவிகள் இருப்பதால், வழி சரிதான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு மேலும் வலுத்திருக்கிறது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. அம்மாவை ஒரு பாறையில் உட்கார வைத்துவிட்டு, மூன்றே காலிலிருந்து நான்கு மணிக்கு மேல் வரை இரண்டு ஓடைகளின் இரைச்சலுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்தோம். எதிரே ஏறி வந்த ஒரு முதியவர்தான், "கீழே மூன்றாவது அருவியில் பிள்ளைகள் கூட்டம் ஒன்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். சுற்றுப்பாதையில் நம் எதிரே வருபவர், நாம் இனிமேல் பார்க்கப் போவதை எல்லாம் பார்த்துவிட்டு வருபவர். விழுந்துகிடக்கும் மரம், உடைந்த படி, பனிக்கட்டி என எல்லாவற்றையும் அவரிடம் கேட்கலாம். வெறும் "ஹாய்" சொல்லி அவரைக் கடந்துபோவது பெரிய வீண்.

கனோகா அருவியின் அடிக்கு நாங்கள் வந்தபோது பள்ளத்தாக்குக்குள் வெயில் இல்லை. நாட்காட்டி சொல்லும் சூரிய அஸ்தமனம் திறந்த வெளிக்குத்தான் பொருந்தும். ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த பள்ளத்தில் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டு வந்துவிடுகிறது. 94 அடி உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கும் அந்தத் தண்ணீரின் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதையே சற்று நேரம் பார்த்தார். பிறகு நானும் என் மனைவியும் ஆளுக்கொரு கை கொடுக்க, கைப்பேசி விளக்குகளின் துணையில் கடைசிப் படிகளை ஏறினோம். காயம் யாருக்கும் இல்லை. புளியோதரையை இருட்டில் காரின் டிக்கியைத் திறந்து வைத்துத் தின்றோம்.

இதற்காக அந்தப் பூங்காவின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிசகு முழுவதும் எங்களுடையது. சொல்லப்போனால் அந்தப் பாதையை நினைத்தால் மரியாதைதான் வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863ல் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையில் பீரங்கிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் புரூஸ் ரிக்கெட்ஸ் என்பவருக்குச் சொந்தமாக இருந்த காடு அது. 1889ல் அவர் மேட் ஹிர்லிங்கர் என்பவரையும் வேறு ஐந்து பேரையும் வேலைக்கு அமர்த்தினார். அந்த ஆறு பேர் நான்கு ஆண்டுகள் உழைத்து, இந்தப் பள்ளத்தாக்குகளில் தடமும் கற்படிகளும் அமைத்தார்கள். சுற்றிலும் இருந்த காட்டின் பெரும்பகுதி மரத்துக்காக வெட்டப்பட்டபோதும் இந்தப் பள்ளத்தாக்குகள் மட்டும் தப்பின. 1942ல் மாநில அரசு நிலத்தை வாங்க, 1944ல் பூங்கா திறக்கப்பட்டது. பென்சில்வேனியாவின் மாநிலப் பூங்காக்களில் இன்றும் நுழைவுக் கட்டணம் கிடையாது. யெல்லோஸ்டோனுக்கு ஆறு மாதம் முன்பே விமானச் சீட்டு எடுக்கும் நம் நண்பர்கள், இரண்டரை மணி நேரத் தொலைவில் காசில்லாமல் கிடைக்கும் இந்தப் பாதைக்கு முன்கூட்டி ஒரு வரைபடம்கூடப் பார்க்காமல் வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அதன் பிறகு நான் பின்பற்றும் வழக்கங்கள் எளிமையானவை. சுற்றுப்பாதையின் செங்குத்தான பக்கம் எது என்று வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகளைப் பார்த்துக் கண்டுபிடித்து, அதை ஏறுவதற்கு வைத்துக்கொள்கிறேன். மென்மையான பக்கத்தை இறங்குவதற்கு. ஈரப் படியில் ஏறுபவர் வழுக்கினால் கையை ஊன்றிவிடுவார், இறங்குபவர் வழுக்கினால் இடுப்பில் விழுவார். நல்ல மூச்சும் நோகாத முழங்காலும் உள்ளவர்கள் இதை மறுக்கலாம், அவர்களோடு வாதாட மாட்டேன். ஒஹையோவின் ஹாக்கிங் ஹில்ஸ் பூங்காவில் நெரிசல் மிகுந்த பாதைகளை ஒருவழிப் பாதைகளாகவே மாற்றி, எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதை நிர்வாகமே தீர்மானித்துவிட்டது. சுதந்திரம் போய்விட்டது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். குறுகிய படிகளில் எதிரெதிரே வந்து ஒதுங்க இடமில்லாமல் நின்ற அனுபவம் உள்ளவன் என்பதால் நான் நிர்வாகத்தின் பக்கம்.

அடுத்தது பாதிவழிக் கணக்கு. போன வழியே திரும்பும் பாதையில் எந்த இடத்தில் திரும்பினாலும் மிச்சம்தான். சுற்றுப்பாதையிலோ பாதியைத் தாண்டிவிட்டால் முன்னே போவதுதான் குறைந்த தூரம், ஆனால் அந்த மிச்ச தூரம் நாம் இன்னும் பார்க்காதது. அதனால் பாதிவழிப் புள்ளிக்குச் சற்று முன்னால் ஓர் இடத்தை வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்து, அங்கே வந்து சேர வேண்டிய நேரத்தையும் எழுதிவிடுகிறேன். அந்த நேரம் தவறினால், அங்கிருந்து வந்த வழியே திரும்பிவிடுவது.

எங்களுக்கு இன்னும் அருகில் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் ஹாரிமன் பூங்கா. 200 மைலுக்கு மேல் பாதைகள் அங்கே பின்னிக் கிடக்கின்றன. அப்பலாச்சியன் நெடும்பாதையின் முதல் பகுதி 1923ல் திறக்கப்பட்டதும் அந்தப் பக்கம்தான். அங்கே அநேகமாக ஆயத்தச் சுற்றுகள் கிடையாது. இந்த நிறப் பாதையில் இத்தனை தூரம், அங்கிருந்து அந்த நிறப் பாதை என்று நாமே ஒட்டுப்போட்டு வட்டம் தைத்துக்கொள்ள வேண்டும். மரத்தில் அந்தப் பாதையின் நிறத்தில் ஒரு குறி இருந்தால் நேரே போகலாம். இரண்டு குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம், மேலே உள்ள குறி எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மூன்று குறிகள் இருந்தால் பாதையின் தொடக்கம் அல்லது முடிவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். அன்று நாங்கள் சொல்லிக் கொடுத்து, பிரிவுகளில் நின்று பெரியவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றும் பழக்கியிருந்தால், வாட்டர்ஸ் மீட்டில் தொண்டை வறண்டிருக்காது.

உண்ணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. லைம் நோயைப் பரப்பும் உண்ணி எள்ளை விடச் சிறியதாகவும் இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுவது அழகாக இருக்காது, ஆனால் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிர் எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டிய உடனே நோய் தொற்றிவிடுவதில்லை, பொதுவாக ஒரு நாளாவது பிடிக்கும் என்பதால் அன்றிரவே எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்தோம். குளிர்காலத்தில் ரிக்கெட்ஸ் கிளென் அருவிப் பாதை, பனிக்கோடரியும் ஷூவில் மாட்டும் இரும்பு முட்களும் கயிறும் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமானது. நாம் போக வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு அம்மா மறுபடி வந்தபோது அதே பூங்காவுக்குப் போனோம். ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு, கனோகாவில் இறங்கி லீயில் ஏறுவதென்று முடிவானபோது, இது இடம் சுற்றுவதாயிற்றே என்று தயக்கத்தோடு சொன்னேன். "சாமி இல்லாத காடுதானே, முழங்காலுக்கு எது நல்லதோ அப்படிப் போ" என்றார். காலை பதினொரு மணிக்கே கனோகா அருவியின் முன்னால் நின்றோம். ஈரமான பாதையில் விரல் நீளத்தில் பல்லி போன்ற உருவமுள்ள செம்மஞ்சள் நிறச் சாலமாண்டர் ஒன்று கடந்துபோக, அது போய்ச் சேரும்வரை இரு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஒன்றரை மணிக்கெல்லாம் மேலே வந்து, வெளிச்சத்திலேயே சாப்பிட்டோம்.

இந்த அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை மீண்டும் போகிறோம். ஒன்பது மணிக்கு லேக் ரோஸ் நிறுத்துமிடம், 3.2 மைல் சுற்று மட்டும், இடமாக. வாட்டர்ஸ் மீட்டில் கடைசி ஆள் வரும்வரை ஒருவரும் நகரக் கூடாது. வர விரும்புவோர் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள். எத்தனை மைல் என்று மட்டும் மறுபடி கேட்காதீர்கள்.