ஆயிரம் ரூபாய் சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கலாமா?

சைக்கிள் வாங்கிய மூன்றாவது வாரம் எல்லாருக்கும் வரும் கேள்வி இது. உட்காரும் இடம் வலிக்கிறது, உள்ளே மெத்தை மாதிரி பேட் வைத்த, விலை குறைந்த ஷார்ட்ஸ் வாங்கினால் தீருமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் ஷார்ட்ஸை மட்டும் பார்த்துப் பார்த்து வாங்குங்கள். ஜெர்சி, சாக்ஸ், ஜாக்கெட் எல்லாம் பிறகு. கையில் 1,500 ரூபாய் இருந்தால் அதில் பெரும்பங்கு ஷார்ட்ஸுக்குத்தான் போக வேண்டும்.

அதற்கு முன், வலி எந்த வகை என்று பாருங்கள். உட்காரும்போது சீட்டில் பதிகிற இரண்டு எலும்புகளில் மந்தமாக வலித்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினாலே இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். தொடையிடுக்கில் தோல் சிவந்து எரிந்தால் அது உரசல். அது பழகாது, ஓட்ட ஓட்டப் புண்ணாகும். "போகப் போகச் சரியாயிடும்" என்று இரண்டுக்கும் சேர்த்து அறிவுரை சொல்லியே எத்தனையோ பேரை சைக்கிளை விட்டு ஓட வைத்திருக்கிறோம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உரசலுக்கு சீட் உயரமும் காரணமாக இருக்கலாம். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுசாக நீண்டிருந்தால் உயரம் ஏறக்குறைய சரி. குதிகால் எட்டவில்லை என்றால் சீட் அதிக உயரத்தில் இருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும், அந்த ஆட்டமே தோலைத் தேய்க்கும். எவ்வளவு விலை கொடுத்து ஷார்ட்ஸ் வாங்கினாலும் இதற்குப் பதில் கிடையாது. சீட்டுக்கு மேல் மாட்டும் தடித்த ஜெல் கவரும் வேண்டாம். எலும்பு அதற்குள் அமிழ்ந்து போக, நடுவில் இருக்கிற மென்மையான பகுதி பாரத்தைத் தாங்கும். மரத்துப் போவது அதனால்தான்.

இனி கடைக்குப் போகலாம். ஷார்ட்ஸைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். பேடின் நட்டநடுவில் மேலிருந்து கீழாகத் தையல் ஓடினால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை அந்தத் தையல் ஒரே இடத்தில் உரசும். பேடின் மேல்துணி ஒரே துண்டாக, உடல் வளைவுக்கு ஏற்ப வார்த்ததாக இருக்க வேண்டும். அடுத்து, எலும்பு படும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். ஒரு விரல் இன்னொரு விரலைத் தொடுகிற மாதிரி நசுங்கினால், அது வெறும் ஸ்பாஞ்ச். கடையில் மெத்தென்று இருக்கும், பதினைந்தாவது கிலோமீட்டரில் அப்பளமாகிவிடும். நல்ல பேட் தடிமன் குறைவாகவும் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும். தடிமனைப் பார்த்து மயங்குவதுதான் பலரும் செய்கிற தவறு.

மூன்றாவது சோதனை துணிக்கு. ஷார்ட்ஸின் பின்பக்கத் துணியை முஷ்டியின் மேல் இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் முட்டி தெரிந்தால், குனிந்து ஓட்டும்போது பின்னால் வருகிறவருக்கும் எல்லாம் தெரியும். லேபிளில் நைலானோடு எலாஸ்டேன் என்கிற இழுபடும் இழை 15 முதல் 20 சதவீதம் இருந்தால் துணி சீக்கிரம் தொங்கிப் போகாது.

அளவில் நம் ஊர்க் கூச்சம் குறுக்கே வரும். இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார்கள். தொளதொளப்பில் பேட் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் நகரும். உரசலுக்கென்றே காசு கொடுத்து வாங்கிய மாதிரி ஆகிவிடும். ட்ரையல் ரூமில் நிமிர்ந்து நின்று பார்க்காமல், ஹேண்டிலைப் பிடிப்பது போலக் குனிந்து பாருங்கள். பேட் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் மேலே ஒரு சாதாரண அரைக்கால் டிரவுசரைப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. பெண்களுக்கான பேட் பின்பக்கம் அகலமாக வரும். ஆண்களுடையதை "ஒண்ணும் வித்தியாசம் இல்லை" என்று தள்ளிவிடுகிற கடைக்காரரை நம்ப வேண்டாம்.

உள்ளே ஜட்டி போடக் கூடாது. சொல்லக் கூச்சப்பட்டு யாரும் இதைச் சொல்வதில்லை. ஜட்டியின் தையலும், வியர்வையைக் குடித்து வைத்திருக்கும் பருத்தியும் பேட் செய்கிற வேலை மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

ஜெர்சியும் ஷார்ட்ஸும் சேர்த்து எண்ணூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கிற செட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். படத்தில் ஜெர்சிதான் தெரியும் என்பதால் செலவெல்லாம் அச்சடித்த ஜெர்சிக்குப் போயிருக்கும், பேட் பேருக்கு இருக்கும். டெகத்லான் மாதிரிப் போட்டுப் பார்த்து எடுக்க முடிகிற இடத்தில் ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிற சாதாரணக் கறுப்பு ஷார்ட்ஸ் அதைவிட எவ்வளவோ மேல்.

மேலுக்கு, வீட்டில் இருக்கும் பாலியெஸ்டர் டீ-ஷர்ட் போதும். பருத்தி வேண்டாம். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஈரக்காற்றில் பருத்தி நனைந்தால் காயவே காயாது. ஜெர்சியின் முதுகுப் பாக்கெட் வசதிதான், ஆனால் மலிவான துணியில் போனை வைத்தால் பின்பக்கம் பிருஷ்டம் வரை தொங்கும். இருட்டோடு கிளம்புகிறவர்கள் வெளிர் நிறமாகப் போடுங்கள். வெயிலுக்கு இருநூறு ரூபாய் ஆர்ம் ஸ்லீவ் நல்ல முதலீடு. விரலில்லாத கிளவுஸும் மலிவானதே போதும். விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கைதான். கோத்தகிரி இறக்கத்தில் குளிர் அடித்தால் நெஞ்சுக்கும் டீ-ஷர்ட்டுக்கும் நடுவே ஒரு செய்தித்தாளை மடித்து வையுங்கள். ஐரோப்பிய மலைகளில் பந்தய வீரர்கள் காலங்காலமாகச் செய்து வந்ததுதான். ஹெல்மெட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், உள்ளே இஎன் 1078 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) அல்லது சிபிஎஸ்சி (அமெரிக்கத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இந்த விலை ஷார்ட்ஸ் எதுவரை தாங்கும்? ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம், ஐம்பது கிலோமீட்டர் வரை நிம்மதியாகப் போகலாம். பதின்மூன்றரை மணி நேரக் கெடு வைத்த 200 கிலோமீட்டர் பிஆர்எம் என்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம் போகிற எண்ணம் வந்தால், தோள் பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸுக்குப் போங்கள். இடுப்பு எலாஸ்டிக் வயிற்றை அழுத்தாது, பேடும் இடம் மாறாது. அதுவரை அவசரமில்லை.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வேண்டும். ஓட்டி வந்ததும் கழற்றி அலசிவிடுங்கள். வியர்வையோடு கிடக்கிற பேடில் கிருமி வளரும், மறுநாள் அதையே போட்டால் கொப்புளம் வரும். வெந்நீர், ப்ளீச், மணத்துக்கு ஊற்றுகிற கண்டிஷனர் மூன்றும் கூடாது. பேடை முறுக்கிப் பிழியாதீர்கள், உள்ளே ஃபோம் பிளந்துவிடும். துவாலையில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். பிறகு பேட் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி நிழலில், மழைக்காலமானால் ஃபேனுக்கு அடியில் தொங்கவிடுங்கள். துணி காய்ந்தாலும் பேட் காய்ந்திருக்காது, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.