கரிஃபுனா முரசு ஜெம்பே அல்ல

மத்திய அமெரிக்க நாடான பெலிஸின் ஹாப்கின்ஸ் என்னும் கடலோர ஊரில் பயணிகளுக்குக் கற்றுத்தரும் முரசு, ஆப்பிரிக்கரும் கரீபியப் பழங்குடியினரும் கலந்து உருவான கரிஃபுனா மக்களுடையது. அது மேற்கு ஆப்பிரிக்க ஜெம்பே முரசுதான் என்றும், ஜெம்பே தெரிந்தவர் அங்கே கற்க எதுவும் இல்லை என்றும் சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள். கரிஃபுனா இசையில் ஆப்பிரிக்க வேர்கள் உண்டு. ஆனால் கருவி வேறு, வாசிக்கும் முறையும் வேறு.

ஜெம்பே இடை ஒடுங்கிய கிண்ண வடிவம். கரிஃபுனா முரசோ மரத்தைக் குடைந்து செய்த உருளை. தோலின் மேல் குறுக்கே உலோகக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். அடி விழும்போது கூடவே எழும் அந்தச் சன்னமான அதிர்வொலி ஜெம்பேயின் இயல்பு அல்ல. பெரிய முரசான செகுண்டா தாளத்தை நிலையாகப் பிடித்திருக்க, சிறியதான பிரிமேரோ அதன்மேல் கற்பனையாக விளையாடும். வனராகுவா என்னும் கரிஃபுனா முகமூடி ஆட்டத்தில் ஆடுபவர் முரசைத் தொடர்வதில்லை. பிரிமேரோ கலைஞர்தான் அவருடைய கால்களைக் கவனித்து அடிக்கிறார். கற்பதற்கு மிக அரிய பகுதி இதுதான் என்பேன்.

யாரும் சரிபார்க்கலாம். வனராகுவா காணொளி ஒன்றை எடுத்து, முரசின் வடிவத்தையும் தோல்மேல் ஓடும் கம்பியையும் உற்றுப் பாருங்கள். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008இல் சேர்ந்த கரிஃபுனா மொழி, நடனம், இசை பற்றிய பக்கமும் எவரும் படிக்கும்படி இருக்கிறது.