புதிய சட்டத்தில் 'அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லும்' என்பது தவறு

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டங்களின்படி, காவல் நிலையத்தில் அடித்துப் பெறும் வாக்குமூலமும் நீதிமன்றத்தில் செல்லும், சந்தேக நபர் மறுத்தாலும் நார்கோ சோதனை (மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் கேள்வி கேட்பது) செய்யலாம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இரண்டுமே உண்மையல்ல.

காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்ற பழைய விதி, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 23ஆம் பிரிவில் அப்படியே தொடர்கிறது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதற்கு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படலாம். குழப்பம் இங்கிருந்து கிளம்பியிருக்கக்கூடும். ஆனால் அந்தப் பகுதியும் கட்டாயப்படுத்திப் பெறப்பட்டதாக இருக்கக் கூடாது.

அடிப்பதோ தண்டனைக்குரிய குற்றம். ஒப்புதல் பெறுவதற்காகக் காயப்படுத்தினால் 7 ஆண்டுகள் வரையும், கொடுங்காயம் என்றால் 10 ஆண்டுகள் வரையும் சிறை என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு. அந்தப் பிரிவு தரும் முதல் எடுத்துக்காட்டே, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காக ஒருவரைச் சித்திரவதை செய்யும் காவல் அதிகாரியைப் பற்றியதுதான். வலி தாங்காமல் செய்யாததையும் செய்தேன் என்பார்கள் என்பதைச் சட்டம் நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறது.

நார்கோ, பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி) சோதனைகளைச் சம்மதமின்றி நடத்துவது அரசமைப்பின் 20(3) (தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) ஆகிய பிரிவுகளுக்கு முரணானது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது.

விசாரணைக்கு அழைக்கப்படும் ஒருவர் இச்செய்தியை நம்பித் தன் உரிமையைக் கைவிட நேரலாம் என்பதால், தயவுசெய்து இதை மேலும் பகிராதீர்கள். சட்டப் பிரிவுகளை அரசின் சட்டத் தொகுப்புத் தளமான இந்தியா கோடிலும், தீர்ப்பை உச்ச நீதிமன்ற இணையதளத்திலும் யாரும் படித்துப் பார்க்கலாம்.