60,000 டொலர் யாருடைய சம்பளம்?

"நூலக டிப்ளோமா போதும், அமெரிக்காவில் நூலகத் தொழில்நுட்பவியலாளராக வருடம் 60,000 டொலர்" என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிழை.

அது நூலகரின் சம்பளம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகக் கணக்கில் 2022இல் நூலகர்களின் இடைநிலை வருட வருமானம் (பாதிப்பேருக்கு இதைவிடக் கூட, பாதிப்பேருக்குக் குறைவு) 61,660 டொலர். அதற்குப் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் வேண்டும். புத்தகம் இரவல் கொடுத்து, பதிவு பார்த்து, அடுக்கி வைக்கும் தொழில்நுட்பவியலாளருக்கு நன்றாகவே குறைவு. பலருக்குப் பகுதிநேர வேலைதான், மணிக்கணக்கில் கூலி. பல்கலைக்கழக நூலகமா சிற்றூர் நூலகமா, எந்த மாநிலம், எவ்வளவு அனுபவம் என்பதைப் பொறுத்தும் தொகை மாறும். விசாவைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரியும் இல்லை, வசதியாக!

சரி, இங்கே? வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக நூலகங்களில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைப்படிதான் சம்பளம்.