அதே டயரை ட்யூப் இல்லாமல் ஓட்ட முடியாது

பழைய பல்சரில் அலாய் வீலைக் கழற்றிவிட்டு ஸ்போக் வீல் போட்டால், இருக்கிற ட்யூப்லெஸ் டயரையே ட்யூப் இல்லாமல் மாட்டி ஓட்டலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பிச் செய்ய வேண்டாம்.

சாதாரண ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு கம்பியின் நிப்பிளுக்கும் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு திருகு) ஒரு ஓட்டை உண்டு. காற்று அது வழியே போய்விடும். டேப், சிலிகான் என்று ஒட்டினாலும், கம்பி தளர்ந்து அசையும்போது அந்த ஒட்டு விடும். அதுவும் ட்யூப்லெஸ் ரிம்மில் டயரின் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்க ஒரு மேடு இருக்கும்; ட்யூப் டயருக்கான ரிம்கள் பலவற்றில் அது கிடையாது. காற்று இறங்கினால் வேகத்திலேயே டயர் ரிம்மை விட்டு விலகலாம். டயரை வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் அதே அளவு ட்யூபும், நிப்பிள்கள் ட்யூபைக் குத்தாமல் காக்கும் ரிம் டேப்பும் கட்டாயம்.

கம்பி வீலில் ட்யூப் இல்லாமல் ஓடும் வண்டிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. பிஎம்டபிள்யூ ஆர்100ஜிஎஸ் 1987லேயே கம்பிகளை ரிம்மின் ஓரத்தில், டயருக்கு வெளியே கோத்தது. அது வேறு வடிவமைப்பு.

அப்புறம், "ரிம் மட்டும் மாற்றினால் போதும்" என்பதும் தவறு. அலாயில் ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பகுதி) ரிம்மும் ஒரே வார்ப்பு. டிஸ்க் பொருந்தும் ஹப், ஸ்பேசர் (இடைவெளி வளையம்), பின்பக்க ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) அதிர்வைத் தாங்கும் ரப்பர் எல்லாம் சேர்ந்து ஒத்துவர வேண்டும். செயின் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, சக்கரத்தின் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கம்பி இறுக்கத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.